மேற்கோளுக்கு முந்தைய பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கட்டுரைகளை ஏழெட்டு ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஒரு காலத்தில் முந்நூறு பக்க நூலை இரண்டே நாளில் முடித்தவள், இப்போது பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் கைபேசியை எடுத்துவிடுகிறேன். 'பிறகு படிக்கலாம்' என்று கணினியில் சேமித்த கட்டுரைகள் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டன. படித்தவை நூறுகூட இராது.

இதைவிட உறுத்துவது வேறொன்று. என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் அறுபது அடிக்குறிப்புகள் இருக்கின்றன. அவற்றில் பத்துக்குத்தான் மூலத்தை நானே பார்த்தேன். மற்றவை பிறருடைய கட்டுரைகளில் கண்டவற்றை அப்படியே எடுத்தவை. நெறியாளர் எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார்கள் தோழிகள். இணையம் நம்மை நுனிப்புல் மேய்பவர்களாக ஆக்கிவிட்டதா?

எம்.

அன்புள்ள எம்.,

இரண்டாயிரம் கட்டுரைகளை விடுங்கள். அந்த அறுபது அடிக்குறிப்புகள் உங்களை உறுத்துகின்றன என்பதுதான் என்னை உடனே பதில் எழுத வைத்தது. வாசிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

2000 முதல் 2017 வரை வெளியான 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018இல் ஒரு பகுப்பாய்வு வெளியானது. ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஆய்வுகளில் பங்கேற்றிருந்தார்கள். தகவல் சார்ந்த உரைநடையைத் திரையில் படித்தவர்களைவிடத் தாளில் படித்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நேரக் கெடு வைத்துப் படிக்கச் சொன்னபோது வேறுபாடு கூடியது. கதைகளில் அப்படி ஒரு வேறுபாடு தென்படவில்லை. திரையில் கட்டுரையைத் திறந்ததும் நாம் நம்மை அறியாமலே அவசரப்படுகிறோம் என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். உங்கள் கவனம் எங்கும் போய்விடவில்லை. ஆய்வுக்கு உயிரான நூல்களையாவது தாளில் படியுங்கள், கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். சேமித்த கட்டுரைகளுக்காக வருந்த வேண்டாம். நூலகத்தில் இருக்கும் எல்லா நூல்களையும் படித்தாக வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லையே.

இனி அடிக்குறிப்புகள். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கருத்துரிமை பற்றி எழுதிய கட்டுரையில், 'நீ சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமையை உயிரைக் கொடுத்தும் காப்பேன்' என்ற வாசகத்தைப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேர் பெயரில் மேற்கோள் காட்டியிருந்தேன். எங்கே படித்தாய் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி நாள்களிலிருந்தே காதில் விழுந்துவந்த வாசகம் அது. எழுதும்போது ஒரு முறை தேடிப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான பக்கங்கள் வால்டேர் என்றே சொல்லின. அத்தனை பேர் சொன்னதை நம்பிவிட்டேன். கட்டுரை வெளியான வாரமே ஒரு வாசகி எழுதினார்: 'இது வால்டேர் எழுதியதல்ல. 1906இல் வந்த நூலைப் பாருங்கள்.'

பார்த்தேன். எவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளர், எஸ். ஜி. டாலன்டயர் என்ற புனைபெயரில் எழுதிய 'வால்டேரின் நண்பர்கள்' என்னும் நூல். பழுப்பேறிய பக்கங்களை அப்படியே படம்பிடித்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். எல்வேசியஸ் என்ற சிந்தனையாளரின் நூல் கண்டனத்துக்கு உள்ளாகிப் பொதுவிடத்தில் எரிக்கப்பட்டது. அந்த நூலின்மேல் பெரிய மதிப்பில்லாத வால்டேர், எரித்தார்கள் என்று கேட்டதும் எல்வேசியஸின் பக்கம் நின்றார். இதை விவரித்துக்கொண்டு வரும்போதுதான் ஹால் அந்த வாசகத்தை எழுதுகிறார். வாசகம் முடிந்தபின் அதே வாக்கியத்தில் இன்னொரு சிறு தொடரும் இருக்கிறது: 'என்பதே அப்போது அவருடைய மனநிலை.' அதாவது வால்டேரின் மனநிலையை ஹால் தன் சொற்களில் எடுத்துச் சொல்கிறார். ஆனால் அதை மேற்கோள் குறிகளுக்குள் போட்டுவிட்டார். எடுத்தாண்டவர்கள் குறிகளுக்குள் இருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார்கள். அது தன் வாசகம் என்று ஹாலே பின்னாளில் தெளிவுபடுத்தினார். வாசகமோ அதற்குள் ஊர் சுற்றப் போய்விட்டது.

தவறைத் திருத்திக்கொண்டதோடு அது முடியவில்லை. அந்த இயல் முழுவதையும் படித்தேன். தனக்குப் பிடிக்காத ஒரு புத்தகத்துக்காக ஒருவர் வாதாடிய அந்தச் சம்பவம், நான் காட்டிய மேற்கோளைவிட என் வாதத்துக்கு நூறு மடங்கு வலுச் சேர்த்தது. மேற்கோளை எடுத்துவிட்டு, சம்பவத்தை வைத்து அந்தப் பத்தியைப் புதிதாக எழுதினேன். இதற்கெல்லாம் ஆன நேரம் ஒரு மணிக்கும் குறைவு. இணையம் இல்லாத காலத்தில் அந்த நூல் எந்த நூலகத்தில் இருக்கிறது என்று விசாரிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கும்.

அதனால்தான் இணையம் நம்மைக் கெடுத்துவிட்டது என்று என்னால் சொல்ல முடிவதில்லை. மூலத்தைப் பார்க்காமல் எழுதுவது பழைய வழக்கம். கலிபோர்னியாவைச் சேர்ந்த மிகைல் சிம்கின், வ்வானி ராய்சவுத்ரி என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடிக்க எடுத்துக்கொண்ட வழி எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்கள் அச்சுப்பிழைகளை எண்ணினார்கள். 4,300 முறை மேற்கோள் காட்டப்பட்ட ஒரு புகழ்பெற்ற கட்டுரையைப் பார்த்தபோது, 196 இடங்களில் அதன் விவரம் பிழையாக இருந்தது. ஆனால் வெவ்வேறு பிழைகள் என்று பார்த்தால் 45தான். பக்க எண்ணில் நேர்ந்த ஒரே பிழை 78 முறை வந்திருந்தது. 78 பேர் தனித்தனியாக ஒரே எண்ணைத் தவறாக எழுத வாய்ப்பில்லை. ஒருவர் பட்டியலை அடுத்தவர் பார்த்து எழுதியிருக்கிறார். மேற்கோள் காட்டுபவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே மூலத்தைப் படிக்கிறார் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். இந்தக் கணக்கு வெளியானது 2003இல்.

அப்படியென்றால் இணையம் எதைத்தான் மாற்றியது? சமூகவியலாளர் ஜேம்ஸ் எவான்ஸ் 3 கோடியே 40 லட்சம் கட்டுரைகளின் தரவை ஆராய்ந்து 2008இல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். ஆய்விதழ்களின் பழைய தொகுதிகள் இணையத்தில் ஏற ஏற, ஆய்வாளர்கள் இன்னும் பரவலாகப் படிப்பார்கள் என்றுதானே நினைப்போம்? மேற்கோள்கள் அண்மைக்காலக் கட்டுரைகளின்மேல், அதுவும் குறைவான கட்டுரைகளின்மேல் குவிந்தன என்கிறார் அவர். இதை மறுத்தவர்களும் உண்டு. என் அனுபவத்தில் எவான்ஸ் சொல்வது சரியாகப்படுகிறது. தைத்து வைத்த பழைய இதழ்த் தொகுதியில் ஒரு கட்டுரையைத் தேடும்போது, வேண்டாத பத்துக் கட்டுரைகளின் தலைப்பாவது கண்ணில் படும். அவற்றில் ஒன்று நம்மைப் பிடித்து உட்காரவைத்துவிடும். தேடுபொறிக்கு நாம் ஒரு சொல்லைக் கொடுக்க வேண்டும். எந்தச் சொல்லைக் கேட்க வேண்டும் என்றே தெரியாத விஷயத்தை அது எப்படிக் கொண்டுவந்து தரும்? நாம் கேட்ட வரிக்கே நேராகக் கொண்டுபோய் நிறுத்துகிறது. வரியைப் பார்த்தோம், எடுத்தோம், மூடினோம். முந்தைய பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை, அது அங்கேயே திறந்து கிடந்தாலும். எனக்கு உண்மையிலேயே துக்கம் தருவது இதுதான். மூலநூல் இவ்வளவு அருகில் எந்தத் தலைமுறைக்கும் இருந்ததில்லை.

எழுதும் முறையிலும் இதே சிக்கல் உண்டு. முன்பு மேற்கோளைக் கையால் குறிப்பேட்டில் எழுதி வைப்பேன். நான்கு வரி எழுதுவதற்குள் கை வலிக்கும், மூன்றாம் வரியில் 'இவர் இதை எப்படிச் சொல்கிறார்?' என்று ஒரு சந்தேகம் வரும், ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுவேன். பல கட்டுரைகள் அந்த ஓரக் கேள்விகளிலிருந்தே பிறந்தன. நகலெடுத்து ஒட்டும்போது அந்தச் சந்தேகத்துக்கு நேரமே இல்லை. அதனால் முக்கியமான மேற்கோள்களை இன்றும் கையால்தான் எழுதுகிறேன். முதல் வரைவை இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு எழுதுகிறேன். ஆண்டு நினைவில்லையா, பெயர் சந்தேகமா, அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போவேன். வரைவு முடிந்தபின் கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாகத் தேடித் தீர்ப்பேன். எனக்கு எது தெரியும், எது தெரியாது என்பது அப்போது தாளிலேயே தெரிந்துவிடுகிறது. தேடிக்கொண்டே எழுதிய நாள்களில் எனக்கு எல்லாமே தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

உங்களுடைய ஐம்பது அடிக்குறிப்புகளுக்கு வருவோம். நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். சிலவற்றின் மூலம் கிடைக்காது. அங்கே இன்னாருடைய கட்டுரை வழியாக எடுத்தது என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள், அதில் எந்தக் குறைவும் இல்லை. சிலவற்றில் நீங்கள் எடுத்தாண்டதற்கு நேர் எதிரானது மூலத்தில் இருக்கலாம். அப்போது இயலையே மாற்றி எழுத வேண்டிவரும், பயப்படாதீர்கள். ஆய்வு என்று நாம் சொல்வது அந்த வேலையைத்தான்.

அந்த ஐம்பதில் உங்களுக்கு மிகவும் பிடித்த மேற்கோளை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் இரண்டு பக்கம், பின்னால் இரண்டு பக்கம் படியுங்கள். அங்கே என்ன இருந்தது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்