முகப்பில் மோடம், இரண்டாம் கட்டில் டிவி: ராஸ்பெரி பை கேள்விகள்

கும்பாபிஷேகமோ கல்யாணமோ, நேரலை வைக்காமல் எங்கள் செட்டிநாட்டுப் பக்கம் இப்போது எதுவும் நடப்பதில்லை. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். ஊரில் இருக்கும் பெரியவர்களுக்கோ போனில் பார்த்தால் கண் வலிக்கிறது. அதனால் பழைய டிவிக்குப் பின்னால் ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியை (பை 3, 4, 5 எல்லாம் அதன் மாடல்கள்) மாட்டிக் கொடுக்கிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். எனக்கு வரும் கேள்விகளில் பாதி "நெட்தானே கோளாறு?" என்று ஆரம்பிக்கிறது. பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில்தான் இருக்கும்.

ஐயா, என்னிடம் இருப்பது பை 3. நெட் 100 எம்பிபிஎஸ். ஆனாலும் யூடியூபில் கோயில் நேரலை விட்டு விட்டு ஓடுகிறது. இணைப்பை மாற்றலாமா? (பள்ளத்தூர்)

மாற்ற வேண்டாம். 1080பி நேரலைக்கு 5 முதல் 8 எம்பிபிஎஸ் போதும், உங்களிடம் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. வீடியோ சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. அதை விரிக்க பையின் போர்டில் டிகோடர் என்று தனிச் சுற்று உண்டு. சுருக்கும் முறைகளில் பை 3-இன் டிகோடருக்கு எச்.264 தெரியும், எச்.265, விபி9, ஏவி1 தெரியாது. யூடியூப் விபி9-இல் அனுப்பினால் அவ்வளவு வேலையும் சிபியு என்ற பொதுச் செயலியின் தலையில் விழுகிறது. பை 3-இன் சிபியு அதைத் தாங்காது.

இதை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஓடும் வீடியோவின் மேல் மவுஸில் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் திறங்கள். கோடெக் (சுருக்கும் முறை) என்ற வரியில் ஏவிசி1 என்று தொடங்கினால் எச்.264. விபி09 என்றால் விபி9, ஏவி01 என்றால் ஏவி1. அதே பெட்டியில் 'டிராப்டு ஃபிரேம்ஸ்' (காட்டாமல் விட்ட படங்கள்) எண் மளமளவென்று ஏறுகிறதா? அப்படியானால் போர்டு திணறுகிறது. அந்த எண் சும்மா இருந்து, 'பஃபர் ஹெல்த்' (முன்கூட்டியே வாங்கி வைத்த வீடியோ) மட்டும் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால்தான் நெட்டைச் சந்தேகப்பட வேண்டும். இந்த இரண்டு வரியைப் பார்க்காமல் யாரும் புது இணைப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.

குரோமியம் பிரவுசரில் எச்264ஃபை போன்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டால் யூடியூபை எச்.264 அனுப்ப வைக்கலாம். தரத்தை 720பி-க்கு இறக்குங்கள். 1 ஜிபி மெமரிதான் இருக்கிறது, ஆகவே மற்ற டேப்களை மூடிவிடுங்கள். இவ்வளவும் செய்தாலும் பிரவுசர் அந்த டிகோடரை எப்போதும் பயன்படுத்தும் என்று சொல்ல முடியாது. அப்போது பை 4-க்கு மாறுவது நல்லது.

பை 5 வாங்கிவிட்டேன். அதில் எச்.264 டிகோடரே கிடையாது என்று நண்பர் பயமுறுத்துகிறார். திருப்பிக் கொடுத்துவிடலாமா? (கானாடுகாத்தான்)

நண்பர் சொன்னது உண்மை, ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. 2019-இல் வந்த பை 4-இல் எச்.264-க்கும் எச்.265-க்கும் டிகோடர் உண்டு. 2023-இல் வந்த பை 5-இல் எச்.265-க்கு மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிட்டார்கள். பை 5-இன் சிபியு 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுவது, 1080பி எச்.264-ஐ அதுவே சமாளித்துவிடும். சமாளிக்கும்போது சூடாகும் என்பதை மட்டும் கவனத்தில் வையுங்கள். 80 டிகிரியைத் தொட்டதும் போர்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், படம் தடுமாறும். நம் ஊர் சித்திரை வெயிலில், டிவிக்கும் சுவருக்கும் நடுவில் காற்றே இல்லாத இடத்தில் சொருகி வைத்தால் அந்த 80 வெகு தூரமில்லை. விசிறி வைத்த கூலர் ஒன்று வாங்கிப் பொருத்துங்கள். நேரலை பார்க்க மட்டும் என்று இனிமேல் வாங்கப் போகிறவர்களுக்கு நான் பை 4 போதும் என்றுதான் சொல்வேன்.

அண்ணே, மோடம் முகப்பில் இருக்கிறது, டிவி இரண்டாம் கட்டில். வைஃபை ஒரு புள்ளிதான் காட்டுகிறது. சுவரில் துளை போட்டு வயர் இழுக்கலாமா? (கோட்டையூர்)

துளை போடாதீர்கள். இதை வேண்டுகோளாகவே கேட்கிறேன். சுண்ணாம்புப் பூச்சு வழவழவென்று கண்ணாடி மாதிரி நிற்கும் சுவரில் டிரில் வைத்தால் சுற்றிலும் பெயர்ந்து வரும். அதே பூச்சைத் திரும்பக் கொண்டுவரத் தெரிந்த கொத்தனார் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்து அடியில் வயர் விடுவதும் அப்படித்தான்.

வைஃபைக்கு நம் வீடுகள் கடினமான இடம். சுவர்கள் கனமானவை, வீடோ ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் ஒரு சுவர் தாண்டினாலே சோர்ந்துவிடும். 2.4 இன்னும் கொஞ்சம் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு. ஆனாலும் கட்டியவர்கள் ஒரு வசதி வைத்துப் போயிருக்கிறார்கள். தலைவாசலில் நின்று பார்த்தால் வாசலுக்கு நேர் வாசலாகப் பின்கட்டு வரை தெரிகிறதல்லவா? மோடத்தை முகப்பு மூலையிலிருந்து எடுத்து அந்த நேர்கோட்டில், கதவு நிலை உயரத்தில் வைத்துப் பாருங்கள். கதவுகள் திறந்திருக்கும் பகல் நேரத்தில் வித்தியாசம் தெரியும்.

நிரந்தரத் தீர்வு வயர்தான். கேட்6 ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். அதே கதவு நிலைகளின் ஓரமாகவே வளவு (நடு முற்றம்) வரை கொண்டு போங்கள். பிறகு தூண்களுக்கு மேலே, தாழ்வாரத்து உட்பக்க விளிம்போடு ஒட்டிச் சுற்றிவந்தால் கண்ணுக்கும் படாது. வளவு திறந்த வெளி என்பதால் வெயில் மழைக்கான வெளிப்புற கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டிலிருந்து எதிரில் இருக்கும் வேறு கட்டடத்துக்கு இழுப்பதானால் செம்பு கேபிள் வேண்டாம், ஃபைபர் போடுங்கள். ஒரு ஐப்பசி மழையில், இரண்டு கட்டடத்துக்கு நடுவே நான் இழுத்த செம்புக் கம்பி வழியாக இடி வந்து இரண்டு முனையிலும் இருந்ததை எரித்துவிட்டது.

இன்னொன்று: பையை இரும்பு, அலுமினிய டப்பாவில் போட்டிருந்தால் முதலில் அதிலிருந்து வெளியே எடுத்துச் சோதியுங்கள். வைஃபை ஆன்டெனா போர்டிலேயே இருக்கிறது. உலோக டப்பா அதை அடைத்துவிடும்.

பை 4 மாட்டிய டிவி திரையில் மஞ்சள் மின்னல் படம் வந்து போகிறது. சில சமயம் ரீஸ்டார்ட் ஆகிறது. (கண்டனூர்)

மின்சாரம் போதவில்லை. வோல்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கினால் அந்த மின்னல் வரும். போன் சார்ஜரைக் கழற்றிவிட்டு பை 4-க்கென்றே வரும் 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டரைப் போடுங்கள்.

எங்கள் ஐயாவுக்கு 84 வயது. மவுஸ், கீபோர்டெல்லாம் அவருக்குச் சரிப்படாது. டிவி ரிமோட்டிலேயே ஓட்ட முடியுமா? (தேவகோட்டை)

தாராளமாக முடியும். டெஸ்க்டாப்பை விட்டுவிட்டு லிப்ரெலெக் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள், அதில் கோடி (Kodi) என்ற வீடியோ ப்ளேயர் தானாகத் திறக்கும். எச்டிஎம்ஐ வயர் வழியாகவே ரிமோட் கட்டளை போகும் வசதிக்கு சிஇசி என்று பெயர். டிவி செட்டிங்ஸில் அதை இயக்க வேண்டும்: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று போட்டிருப்பார்கள். பை 4-இல் இரண்டு எச்டிஎம்ஐ துளைகள் இருக்கும். பவர் வயருக்குப் பக்கத்தில் இருப்பதில் மாட்டுங்கள். ஐயா பார்க்கும் நாலைந்து சேனல்களை ஃபேவரிட்ஸில் போட்டு, திறந்ததும் அவை முன்னால் நிற்கும்படி நீங்களே ஒருமுறை உட்கார்ந்து செய்து கொடுங்கள். அம்புக்குறி, ஓகே, பேக் என்று மூன்று பட்டன்களுக்குள் அவர் வேலை முடிய வேண்டும்.

பணம் கட்டிய ஓடிடியில் கிரிக்கெட் பார்த்தால் படம் மங்கலாக வருகிறதே?

பையில் வைட்வைன் என்ற காப்பிப் பாதுகாப்பு, எல்3 என்ற அடிமட்ட நிலையில்தான் கிடைக்கிறது. அந்த நிலைக்குப் பெரும்பாலான ஓடிடிகள் எச்டி கொடுப்பதில்லை. இதற்காகப் பையோடு போராடாதீர்கள். அந்த ஒரு வேலைக்கு டிவி ஸ்டிக் வாங்கிவிடுங்கள்.

ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. நான்கு கேமரா வைத்திருக்கிறோம். சென்னையில் பையை டிவியில் மாட்டி நான்கையும் ஒரே திரையில் பார்க்க வேண்டும். (சென்னையிலிருந்து, சொந்த ஊர் புதுவயல்)

வசதியாகச் செய்யலாம். கேமராக்கள் ஆர்டிஎஸ்பி என்ற நேரலை அனுப்பும் முறையில் வீடியோ தரும். ஒவ்வொன்றிலும் மெயின் ஸ்ட்ரீம் (முழுத் தரம்), சப் ஸ்ட்ரீம் (குறைந்த தரம்) என்று இரண்டு இருக்கும். நான்கு கட்டமாகப் பார்க்க சப் ஸ்ட்ரீமே போதும். நான்கு மெயின் ஸ்ட்ரீமையும் ஒரே நேரத்தில் திறந்தால் பை திணறக்கூடும். கேமரா செட்டிங்கில் சப் ஸ்ட்ரீமை எச்.264-க்கு மாற்றுங்கள். எம்பிவி அல்லது விஎல்சி ப்ளேயரில் டிசிபி (தொலைந்த துண்டைத் திரும்பக் கேட்டு வாங்கும் முறை) வழியாக வாங்கச் சொல்லுங்கள். திரும்பக் கேட்காத யுடிபி முறையில் பாக்கெட் தொலைந்தால் படம் பச்சையும் சாம்பலுமாகக் கலங்கும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ரௌட்டரில் 554 போர்ட்டை (ஆர்டிஎஸ்பி வீடியோவுக்கான வாசல்) திறந்துவிட்டு வெளியிலிருந்து பார்க்காதீர்கள். ஆள் இல்லாத வீட்டின் உள்புறத்தை உலகமே எட்டிப் பார்க்க வழிவிட்டது போலாகும். ஊர் வீட்டில் இன்னொரு பையை வைத்து, இரண்டுக்கும் நடுவே டெய்ல்ஸ்கேல் போன்ற விபிஎன் (பூட்டிய தனிப் பாதை) போடுங்கள். பொது ஐபி இல்லாத இணைப்பிலும் அது வேலை செய்யும்.

பேத்தி கல்யாணத்தில், போனில் "திருப்பூட்டி ஆச்சு" (தாலி கட்டியாயிற்று) என்று சொல்லி அரை நிமிஷம் கழித்துத்தான் டிவியில் வந்தது. மனசு கேட்கவில்லை. பையை மாற்றினால் சரியாகுமா? (காரைக்குடி ஆச்சி ஒருவர்)

பையின் மேல் தவறில்லை, ஆச்சி. நேரலை என்றாலும் படம் ஒரே ஓட்டமாக வருவதில்லை. சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள். ஒரு துண்டு 6 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ப்ளேயர் மூன்று துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் காட்டவே ஆரம்பிக்கும். அங்கேயே 18 நொடி போயிற்று. படத்தைச் சுருக்கவும் அனுப்பவும் ஆகும் நேரம் அதற்கு மேல்.

இதைக் குறைப்பது ஒளிபரப்புகிறவர் கையில் இருக்கிறது. யூடியூபில் அவர் 'அல்ட்ரா லோ லேட்டன்சி' (மிகக் குறைந்த தாமதம்) என்பதைத் தேர்ந்தெடுத்தால் சில நொடிகளுக்கு இறங்கிவிடும். அதில் 4கே கிடையாது, 1080பி வரும். துண்டு சின்னதாவதால் நெட் தடுமாறினால் படம் சட்டென்று நிற்கும். ஆகவே அன்று பைக்கு வைஃபை வேண்டாம், வயரையே மாட்டச் சொல்லுங்கள். அடுத்த கல்யாணத்துக்கு வீடியோ எடுக்க வருகிற தம்பியிடம் முந்தின நாளே இதைச் சொல்லிவிடுங்கள். நேரலை தொடங்கிய பிறகு மாற்றச் சொன்னால் நடுவில் நிறுத்த வேண்டி வரும்.