இரண்டாவது டூல் 50 மி.மீ. மேலேயே நிற்பது ஏன்?

வணக்கம் நண்பரே. சிஎன்சி மில்லிங் மெஷினில் முதல் டூலான எண்ட் மில் (மில்லிங் கட்டர்) சரியான ஆழம் வெட்டுகிறது, இரண்டாவது டூலான ட்ரில் மட்டும் 50 மி.மீ. உயரத்தில் காற்றிலேயே ஏறி இறங்குகிறது என்கிறீர்கள். அந்த 50 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. உங்கள் இசட் செட்டரின் (டூல் முனையைத் தொடவைத்து உயரம் எடுக்கும் டயல் கருவி) உயரமும் 50 தானே? டூல் நீள ஆஃப்செட்டை ஏற்றும்போது எண்ட் மில்லுக்கு அதைக் கழித்திருக்கிறீர்கள், ட்ரில்லுக்கு விட்டுவிட்டீர்கள்.

ஜாப் (வெட்டும் பொருள்) மேல் செட்டரை வைத்து, ட்ரில் முனையால் தொட்டு, டயல் பூஜ்யத்துக்கு வரும்போது மெஷின் இசட் -362.350 காட்டுகிறது என்று வையுங்கள். ஜி54 (ஜாப்பின் பூஜ்யப் புள்ளி) இசட் பூஜ்யமாக இருந்தால், எச்02-இல் (இரண்டாவது டூலின் நீள ஆஃப்செட்) ஏற வேண்டியது -412.350. நல்லவேளை, தவறு மேல்பக்கம் போயிருக்கிறது. இரண்டு தடவை கழித்திருந்தால் ட்ரில் நேராக ஜாப்பைப் பிடித்திருக்கும் வைஸுக்குள் இறங்கியிருக்கும். அதனால் திருத்தியதும் சைக்கிள் ஸ்டார்ட்டை அழுத்திவிடாதீர்கள். சிங்கிள் பிளாக் (ஒவ்வொரு வரியாக ஓட்டும் முறை) போட்டு, ராபிடை (வேக நகர்வை) குறைத்து, ஆஃப்செட்டை அமல்படுத்தும் ஜி43 எச்02 இசட்100 வரி வரை மட்டும் ஓட்டுங்கள். ட்ரில் முனைக்கும் ஜாப்புக்கும் நடுவே ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 100 இருந்தால் சரி.

அப்புறம், ஜாப் மாறும்போதெல்லாம் எல்லா டூலையும் தொட்டெடுக்காதீர்கள். டேபிள் மேல் செட்டரை வைத்து ஒரே தடவை எல்லா எச் மதிப்பும் எடுத்துவிடுங்கள், அதே 50 கழித்து. ஜாப் மேல்பரப்பு டேபிளிலிருந்து 96.4 உயரம் என்றால் ஜி54 இசட்டில் 96.4 மட்டும் போதும். நான் இப்படித்தான் செய்கிறேன்.

0.02, 0.03 என்று சின்ன வித்தியாசம் வந்தால் ஆஃப்செட்டைத் தொடும் முன் ஸ்பிண்டில் டேப்பரை (டூல் ஹோல்டர் உட்காரும் கூம்பு) துடைத்துப் பாருங்கள்.