புதிய பிரான்சில் குடியேறிய சாதாரண பிரெஞ்சுக் குடும்பங்கள் அன்றாடம் எப்படி வாழ்ந்தன?

புதிய பிரான்ஸ் என்பது வட அமெரிக்காவில் இருந்த பிரெஞ்சுக் குடியேற்றம்; அதில், இன்றைய கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த உழவர்களையே கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு விடையளிக்கிறேன். அவர்கள் தங்களைக் குடியானவர் என்று சொல்லிக்கொள்ள விரும்பாமல், 'குடியிருப்பவர்' என்று பொருள்படும் 'அபித்தான்' என்ற சொல்லையே பெருமையுடன் வைத்துக்கொண்டார்கள்.

நிலம் ஆற்றிலிருந்து உள்நோக்கி, அகலத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு நீளமுள்ள பட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. ஆறே சாலையாக இருந்ததால் ஒவ்வொரு வீட்டுக்கும் கரை தேவைப்பட்டது. வீடுகளும் அருகருகே அமைந்து அண்டை அயலாரின் துணை கிடைத்தது. குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மீதே சறுக்குவண்டிகள் ஓடின. நிலக்கிழாருக்கு ஆண்டுக் குத்தகையும், அவருடைய ஆலையில் அரைக்கும் தானியத்தில் 14இல் ஒரு பங்கும், தேவாலயத்துக்கு விளைச்சலில் 26இல் ஒரு பங்கும் போயின. பட்டாணிக் கஞ்சி, ரொட்டி, உப்பிட்ட பன்றி இறைச்சி ஆகியவையே வழக்கமான உணவு.

பெண்கள் குறைவாக இருந்ததால், 1663 முதல் 1673 வரை அரசரின் செலவில் ஏறத்தாழ 800 இளம்பெண்கள் அனுப்பப்பட்டார்கள். பலர் வந்த சில மாதங்களுக்குள் மணமுடித்தார்கள்.

நாணயத் தட்டுப்பாடு எந்த அளவுக்கு இருந்தது என்றால், 1685இல் படைவீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியின்றி, நிர்வாகி ழாக் து மூல் சீட்டாட்டச் சீட்டுகளில் கையெழுத்திட்டு அவற்றைப் பணமாக வழங்கினார்.

இந்த வாழ்க்கையை எளிமையானது என்று மட்டும் வருணிப்பது நேர்மையாகாது. அந்த நிலம் பூர்வகுடிகளுடையது. 1709இல் அடிமைமுறை சட்டப்படி அங்கீகரிக்கப்பட்டபின், வசதி படைத்த வீடுகளில் வேலை செய்த அடிமைகளில் பெரும்பாலோர் பூர்வகுடியினரே.