முழங்கால் வலுவை அளக்கும்போது எண் ஏன் மாறுகிறது?

கேள்வி: சிறிய பிசியோதெரபி கிளினிக் நடத்துகிறேன். தொடையின் முன்தசை வலுவைக் கையடக்க டைனமோமீட்டரில் (தள்ளும் விசையை அளக்கும் கருவி) அளக்கிறோம். ஒரே நோயாளிக்குத் திங்களன்று 25.5 கிலோ, வியாழனன்று வேறு தெரபிஸ்ட் பார்த்தபோது 31.4 கிலோ. கருவியில் கோளாறா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: எடை தெரிந்த இரும்புத் தட்டைக் கருவியின் மேல் வைத்துப் பாருங்கள். சரியாகக் காட்டினால் கோளாறு அதில் இல்லை, பேட் (காலில் படும் கருவியின் மெத்தைப் பகுதி) வைத்த இடத்தில்தான். முழங்கால் மூட்டுக்கோட்டிலிருந்து 32 செ.மீ. கீழே வைத்து 25.5 கிலோ வந்தால், திருப்புவிசை (மூட்டைத் திருப்பும் வலு; விசையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது) சுமார் 80 நியூட்டன் மீட்டர். அதே வலுவுக்கு, பேட்டை 26 செ.மீ.யில் வைத்தால் 31.4 கிலோ காட்டும். ஆக, தசை துளியும் மாறாமலே உங்கள் இரண்டு எண்களும் வந்துவிடும்! வெளிக் கணுக்கால் எலும்புக்கு 5 செ.மீ. மேலே பேனாவால் குறியிட்டு, மூட்டுக்கோட்டிலிருந்து அதுவரை உள்ள தூரத்தை இஞ்ச் டேப்பால் அளந்து கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். கிலோவை 9.81 ஆல் பெருக்கி, மீட்டரில் உள்ள தூரத்தாலும் பெருக்கினால் வருவதையே ஒப்பிட வேண்டும்.

அடுத்தது, கருவியைக் கையால் பிடிப்பது. வலுவான தொடை தள்ளும்போது தெரபிஸ்டின் கை பின்வாங்கும். அப்போது பதிவாவது தெரபிஸ்டின் கைவலு. நீளாத பெல்ட்டைக் கருவியின் மேல் சுற்றி, கட்டிலின் பின்காலில் அதே உயரத்தில் கட்டுங்கள். பெல்ட் சரிவாகப் போனால் பேட் நழுவும். கட்டில் நகர்ந்தாலும் எண் குறையும். சக்கரமுள்ள கட்டிலென்றால் பூட்டுங்கள்.

முழங்கால் 90 டிகிரி. கோனியோமீட்டரால் (மூட்டின் கோணத்தை அளக்கும் கருவி) பாருங்கள், கண்மதிப்பு வேண்டாம். பாதம் தரையைத் தொடக்கூடாது. கைகள் மார்பின் குறுக்கே இருக்கட்டும். கட்டில் விளிம்பைப் பிடித்தாலோ, பின்னால் சாய்ந்தாலோ, இடுப்பு எழும்பினாலோ அந்த முயற்சியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முன்னங்கால் எலும்பில் பேட் குத்தினால் யாரும் முழுப்பலத்தோடு தள்ளமாட்டார்கள். மெல்லிய ஃபோம் போதும், மடித்த துண்டு அமுங்கிவிடும்.

அரைப்பலத்தில் இரண்டு முறை பழக்கிவிட்டு, முழுப்பலத்தில் மூன்று முறை, ஒவ்வொன்றும் 5 விநாடி, இடையே ஒரு நிமிடம் ஓய்வு. உதைக்கச் சொல்லாதீர்கள்; மெல்ல ஏற்றி, நிறுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். ஊக்கச் சொற்களும் குரலும் எல்லா நாளும் ஒன்றாக இருக்கட்டும். மூன்றில் பெரியதை எடுப்பதா, சராசரியா என்பதை முதலிலேயே முடிவுசெய்து அதையே தொடருங்கள். வலி அளவை 0 முதல் 10 வரை கேட்டு அருகிலேயே குறியுங்கள். மூட்டில் வீக்கமிருந்தால் அதையும் எழுதுங்கள். வீக்கம் தசையை இயங்கவிடாமல் தடுக்கும்.

இத்தனைக்குப் பிறகும் சிறு வித்தியாசம் வரத்தான் செய்யும். நிலை மாறாத பத்துப் பேரை இரண்டு நாள் இடைவெளியில் இருமுறை அளந்து பாருங்கள். அவர்களிடம் எவ்வளவு ஏற்ற இறக்கம் வருகிறதோ, அதைத் தாண்டினால்தான் 'முன்னேற்றம்' என்று நோயாளியிடம் சொல்லலாம்.

கேள்வி: ஏசிஎல் (முழங்காலின் உள்ளே உள்ள முன் தசைநார்) ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம். எடை 75 கிலோ. ஆபரேஷன் செய்த கால் 135, மற்றது 150 நியூட்டன் மீட்டர். 90 சதவீதம் வந்துவிட்டதே, ஃபுட்பால் ஆடலாமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: இப்போது வேண்டாம். ஓய்வில் நல்ல காலும் இளைத்திருக்கும். இளைத்ததோடு ஒப்பிட்டால் சதவீதம் அழகாகத்தான் தெரியும். எடையால் வகுத்துப் பாருங்கள்: ஒரு கிலோவுக்கு 1.8, மற்றது 2.0. ஃபுட்பால் ஆடுகிற இளைஞருக்கு இரண்டுமே குறைவு. இரு கால்களுக்கும் வலுப்பயிற்சி தொடரட்டும். ஒன்பது மாதத்துக்கு முன் ஆட்டத்தில் இறங்காதீர்கள். அதன் பிறகும் ஒற்றைக்கால் தாவல் சோதனையை முடித்து, சர்ஜனைக் கேட்டுக்கொண்டே களமிறங்குங்கள்.