வட்டிக்கு வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்க வேண்டுமா?

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டியில் இருக்கிறோம். கணவர் வீட்டிலேயே இரண்டு விசைத்தறி ஓட்டுகிறார், கூலிக்குத்தான். நான் தறிக்குத் தார் (நூல் சுற்றும் சிறு குழல்) சுற்றுகிறேன். மகன் அங்கன்வாடிக்குப் போகிறான், ஜூனில் ஒன்றாம் வகுப்பு. நாத்தனார் மகன் யூகேஜியில் ஏபிசிடி முழுக்க எழுதுகிறான். இவனுக்கு 'அ' கூட வரவில்லை. வசதியில்லாத வீட்டில் பிறந்ததால் பின்தங்கிவிடுவானா? வட்டிக்கு வாங்கியாவது தனியார் பள்ளியில் சேர்க்கட்டுமா?

பதில்: வட்டிக்கு வாங்காதீர்கள்.

வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் பலர் பள்ளியில் சேரும் நாளிலேயே சற்றுப் பின்தங்கியிருப்பது பல நாடுகளில் கண்ட உண்மைதான். ஆனால் சாப்பாடு, தூக்கம், வீட்டில் காதில் விழும் பேச்சு, பெற்றோரின் மனநிலை இவற்றின் வழியாகத்தான் வறுமை பிள்ளையைத் தொடுகிறது. வட்டிக்கடன் இந்த நான்கையுமே இன்னும் கெடுக்கும். தவணைக்காரர் வாசலில் நிற்கும் வீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து பேச யாருக்கு மனம் வரும்?

'அ' வராதது எனக்குக் கவலையே இல்லை. தறிச் சத்தம்தான் கவலை. தறி ஓடும்போது நீங்கள் கத்திச் சொல்வது 'வா', 'தொடாதே', 'சாப்பிடு' அவ்வளவுதான். நீளமான வாக்கியமோ கேள்வியோ கதையோ அவன் காதுக்குப் போய்ச் சேராது. நியூயார்க்கில் நெடுஞ்சாலைக்கு மேலே கட்டிய அடுக்குமாடிக் குழந்தைகளைப் பற்றி 1973-ல் ஓர் ஆய்வு வந்தது. இரைச்சல் அதிகமான கீழ்த்தளங்களில் வளர்ந்தவர்கள் ஒலிகளைப் பிரித்துக் கேட்பதிலும் வாசிப்பதிலும் பின்தங்கியிருந்தார்கள்.

அதனால் தறி நிற்கும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கரண்ட் போகும், பாவு (தறியில் நீளவாக்கில் கட்டிய நூல்) தீரும், ராத்திரி சாப்பாட்டுக்கு எப்படியும் நிறுத்துவீர்கள். அப்போது நூல் சுற்றிய தார்களை அவன் முன் போட்டு, நிறம் நிறமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். "சிவப்பு எத்தனை? பச்சையைவிட அதிகமா?" என்று கேட்டுவிட்டு, அவன் சொல்லும்வரை பொறுங்கள். இந்தப் பொறுமைதான் முக்கியம், பலர் இங்கேதான் தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள். "நூல் அறுந்துபோச்சு" என்றால், "ஆமாம், நூல் அறுந்துபோச்சு, அப்பா முடிச்சுப் போடுறார். ஏன் அறுந்துச்சு?" என்று நீட்டிக்கொண்டே போங்கள்.

இதற்கெல்லாம் பலன் உண்டா என்று தோன்றலாம். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1980-களில், வளர்ச்சி குன்றிய ஏழைக் குழந்தைகளின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு முறை, இரண்டு ஆண்டுகள் போனார்கள். வீட்டில் கிடைத்த பொருளில் பொம்மை செய்து, பிள்ளையோடு பேசி விளையாடத் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 20 ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்தக் குழந்தைகள், உதவி கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். இத்தனைக்கும் யாருக்கும் பணம் கொடுத்து வீட்டை வசதியாக்கவில்லை.

சாப்பாட்டில் ஒன்று. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சோர்ந்த பிள்ளை வகுப்பில் கவனிக்காது, நாம் அதை மந்தம் என்றுவிடுவோம். அங்கன்வாடியில் இரும்புச்சத்து மருந்து கேளுங்கள். முருங்கைக்கீரையும் முட்டையும் அடிக்கடி கொடுங்கள்.

அரசுப் பள்ளியில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். எழுத்து தெரியாமல் வருபவனுக்கும் அங்கே இடம் இருக்கிறது. காலைச் சிற்றுண்டியும் உண்டு. ஜூனுக்குள் அவனுக்குத் தெரிய வேண்டியவை வேறு: வயிறு வலித்தால் டீச்சரிடம் வாய்விட்டுச் சொல்வது, தானே கழிவறை போவது, "பையை வைத்துவிட்டு தண்ணீர் எடுத்து வா" என்றால் இரண்டையும் செய்வது, தன் முறை வரும்வரை காத்திருப்பது.

அப்புறம், தறி நின்ற பிறகும் மெல்லக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றாலோ, பேசுவது வெளியாட்களுக்குப் புரியவில்லை என்றாலோ ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.