விலங்கியலா, பயோடெக்னாலஜியா?

அன்புள்ள ஐயா,

அரியலூர் மாவட்டத்தில் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் பிரிவு. கணிதம் இல்லை. நீட் எழுதினேன். எம்.பி.பி.எஸ். கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. சித்தப்பா தனியார் கல்லூரியில் பயோடெக்னாலஜி சேரச் சொல்கிறார். இனி எல்லாம் அதுதான் என்கிறார். ஆண்டுக்கு எழுபதாயிரம் ரூபாய் கட்டணம். மைக்ரோபயாலஜி படித்தால் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைக்கும் என்பது அம்மாவின் எண்ணம். என் விலங்கியல் டீச்சர், அரசுக் கல்லூரியில் விலங்கியலே எடு என்கிறார். எனக்குப் பூச்சிகளைப் பற்றிப் படிக்க ஆசை. விலங்கியல் படித்தால் டீச்சர் வேலையைத் தவிர வேறு வழியில்லை என்கிறார்களே, அது உண்மையா? எதை எடுப்பது?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

பி.எஸ்சி. பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று. உங்கள் கடிதத்தில் வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் மூன்றும் இல்லை. உங்கள் பாடப்பிரிவுக்கு மூன்றும் பொருந்தும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்தப் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இருக்கிறது. அதில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நீட் வரவில்லை என்றதும் பல வீடுகளில் நேராகக் கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பத்துக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் இருக்கும் இந்தக் கதவை யாரும் தட்டிப் பார்ப்பதில்லை என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் நிரப்பப்படுகின்றன, நீட்டில் அல்ல. கட் ஆஃப் 200-க்கு. தாவரவியல், விலங்கியல் இரண்டின் சராசரி அப்படியே 100-க்கு எடுக்கப்படும், இயற்பியலும் வேதியியலும் பாதியாகும். தாவரவியல் 92, விலங்கியல் 94, இயற்பியல் 80, வேதியியல் 86 என்றால் 93, 40, 43 சேர்த்து 176. உங்கள் மதிப்பெண்ணைப் போட்டு, சென்ற ஆண்டு 7.5 சதவீதப் பிரிவில் உங்கள் சாதிப் பிரிவுக்கு எங்கே முடிந்தது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பொதுப் பிரிவு கட் ஆஃபைப் பார்த்துப் பயந்து விண்ணப்பிக்காமல் விட்டுவிட வேண்டாம். பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிந்தால் இவற்றுக்கும் சேர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சேராது. அவற்றுக்கான பல்கலைக்கழக இணையதளத்தில் தனியாகப் பதிய வேண்டும்.

பூச்சிகள் மேல் ஆசை என்பதால் வேளாண்மை உங்களுக்கு இன்னும் முக்கியம். வேளாண் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் முதுகலைக்கு இளநிலை வேளாண்மைதான் வழி. விலங்கியல் பி.எஸ்சி. படித்துவிட்டு அங்கே நுழைய முடியாது. கோயம்புத்தூர் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகத்தைச் சேர்வதற்கு முன் ஒருமுறை போய்ப் பாருங்கள். அதே பல்கலைக்கழகம் மேட்டுப்பாளையத்தில் பட்டு வளர்ப்புக்கென்றே நான்காண்டுப் பட்டம் நடத்துகிறது. முழுக்க ஒரு பூச்சியைச் சுற்றிய படிப்பு. வேளாண்மை கிடைக்காதபோது பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

இவை கிடைக்கவில்லை என்று வைத்துக்கொண்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

உயிர் அறிவியலில் மூன்றாண்டு பி.எஸ்சி. பாதி வழிதான். ஆய்வானாலும் ஆசிரியப் பணியானாலும் நல்ல தொழில் நிறுவனமானாலும் அதற்கு மேல் ஒரு எம்.எஸ்சி.யோ பி.எட்.டோ வேண்டியிருக்கும். ஆகவே இந்தப் பட்டம் அடுத்து எந்தெந்தத் தேர்வுக்கு என்னை உட்கார விடும் என்று கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்டால் சித்தப்பாவின் கணக்கு மாறிவிடும்.

மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் உயிர் அறிவியலுக்கு ஒரே தாள்தான். விலங்கியல் படித்தவரும் பயோடெக்னாலஜி படித்தவரும் அதே வினாத்தாளைத்தான் எழுதுகிறார்கள். தேறினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையும் அதே. எம்.எஸ்சி. பயோடெக்னாலஜிக்கான ஜாம் தேர்வையும் விலங்கியல் பட்டதாரி எழுதலாம். அதாவது விலங்கியலிலிருந்து பயோடெக்னாலஜிக்குப் போகும் வழி திறந்தே இருக்கிறது. திரும்பி வரும் வழிதான் கிட்டத்தட்ட மூடியிருக்கிறது. அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தாவரவியல், விலங்கியல் என்றே ஆள் எடுக்கிறது. யு.பி.எஸ்.சி.யின் இந்திய வனப் பணிக்கான பட்டப்பாடப் பட்டியலில் தாவரவியலும் விலங்கியலும் இருக்கின்றன, பயோடெக்னாலஜியும் மைக்ரோபயாலஜியும் இல்லை. பதினேழு வயதில் மூன்று வருடத்துக்குப் பிறகு என்ன ஆசை வரும் என்று யாருக்கும் தெரியாது. வழி அதிகம் உள்ள பட்டத்தை எடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

டீச்சர் வேலை தவிர வேறில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பூச்சியியல் ஆய்வை எடுத்துக்கொண்டால், சென்னை லயோலா கல்லூரியின் பூச்சியியல் ஆய்வு நிறுவனம் 1963-இல் தொடங்கியது. இலைப்பேன்கள் எனும் நுண்ணிய பூச்சிகளின் ஆய்வில் உலக அளவில் பெயர் பெற்ற டி.என். அனந்தகிருஷ்ணன் தொடங்கிய நிறுவனம் அது. அவர் விலங்கியல் பேராசிரியர்.

பட்டத்தின் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. சில கல்லூரிகளில் விலங்கியல், ‘மேம்பட்ட விலங்கியலும் உயிரித்தொழில்நுட்பமும்’ என்ற பெயரிலும், தாவரவியல், ‘தாவர உயிரியலும் தாவர உயிரித்தொழில்நுட்பமும்’ என்ற பெயரிலும் நடக்கின்றன. படிப்பில் குறை இல்லை. ஆனால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பட்டம் விலங்கியலுக்கு இணையானது என்று அரசாணை காட்ட வேண்டும். டி.என்.பி.எஸ்.சி.யில் அந்த அரசாணை, வேலை அறிவிக்கை வெளியான தேதிக்கு முன்பே வந்திருக்க வேண்டும். இது தெரியாமல் தேர்வில் தேறியும் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியேறுபவர்கள் உண்டு. இப்படிப்பட்ட பெயருள்ள பட்டத்தில் சேர்வதானால், இணைத்தன்மை அரசாணையின் எண்ணையும் தேதியையும் துறைத் தலைவரிடம் சேரும்போதே எழுதி வாங்குங்கள். ‘எல்லாம் இருக்கும்மா’ என்ற வாய்ச்சொல் போதாது.

அம்மா சொல்வதற்கு வருகிறேன். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம், சிறுநீர் பார்க்கும் வேலைக்கு உரிய படிப்பு மருத்துவ ஆய்வக நுட்பம். அதற்குப் பட்டயமும் உண்டு, பி.எஸ்சி.யும் உண்டு. அம்மாவின் விருப்பம் அதுதான் என்றால் நேராக அதில் சேர்வதே சரி. கலை அறிவியல் கல்லூரி மைக்ரோபயாலஜி வேறு. அதில் வேலை இருப்பது மருந்து, உணவு, குடிநீர் நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். ஊசி மருந்தைக் கிருமி வளர்க்கும் ஊடகத்தில் இட்டு 14 நாள் அடைகாத்து கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது, தயாரிப்பு அறையின் காற்றில் தட்டுகளைத் திறந்து வைத்துக் கிருமிக் கூட்டங்களை எண்ணுவது போன்ற வேலைகள். அவர்கள் நேர்காணலில் பார்ப்பது கையை. வேறு கிருமி கலக்காமல் ஊடகத் தட்டில் கிருமியைக் கோடாகப் பரப்பத் தெரிய வேண்டும். செய்முறை சரியாக நடக்காத கல்லூரியில் மைக்ரோபயாலஜியோ பயோடெக்னாலஜியோ படித்தால் இந்தக் கைப்பழக்கம் வராது. அப்போது அந்தப் பட்டத்தின் ஒரே பலமும் போய்விடுகிறது.

ஆகவே எந்தக் கல்லூரி என்றாலும் ஆய்வகத்தைக் கண்ணால் பாருங்கள். நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் 121 டிகிரியில் 15 நிமிடம் நின்று வேலை செய்கிறதா, வாரம் எத்தனை முறை ஓடுகிறது என்று கேளுங்கள். ஐம்பது பேர் வகுப்புக்கு நுண்ணளவு திரவம் எடுக்கும் மைக்ரோபிப்பெட் எத்தனை என்று எண்ணுங்கள். டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். கருவி உறை போட்டு மூடியிருந்தால் அது ஆய்வுக்குழு பார்வையிட வரும் நாளுக்கானது. இறுதியாண்டு மாணவி ஒருவரிடம், டி.என்.ஏ. ஜெல் ஓட்ட எவ்வளவு அகரோஸ் பொடி போடுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தன் கையால் செய்தவர், நூறு மில்லி பஃபருக்கு ஒரு கிராம் என்று யோசிக்காமல் சொல்வார். ரெக்கார்டு நோட்டில் படம் மட்டும் வரைந்தவர் தயங்குவார். ஆண்டுக்கு எழுபதாயிரம் கேட்கும் இடத்தில் இதையெல்லாம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அரசுக் கல்லூரியில் விலங்கியல் எடுத்தால் வரும் குறைகளையும் சொல்ல வேண்டும். மூலக்கூறு உயிரியல் செய்முறை குறைவாக இருக்கலாம். எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுகளில் பெரும்பகுதி அந்தப் பாடம்தான். அதோடு நெட் தேர்வின் மூன்றாம் பகுதி 200-இல் 100 மதிப்பெண். 75 வினாக்களில் 25-க்கு விடை எழுதலாம், ஒவ்வொன்றும் 4 மதிப்பெண். ஒரு சோதனையின் முடிவைக் கொடுத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்பார்கள். மனப்பாடம் செய்து முதல் வகுப்பு வாங்கியவர்கள் தடுமாறுவது இங்கேதான். இரண்டாம் ஆண்டிலிருந்தே மூலக்கூறு உயிரியலை மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தின் இலவச வகுப்புகளில் படியுங்கள். அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஒரு தேசிய ஆய்வகத்தில் வேலை செய்யலாம். பாடங்களை முதல் ஆண்டிலிருந்தே ஆங்கிலச் சொற்களோடு சேர்த்துப் படிப்பதும் அவசியம், ஏனென்றால் இந்தத் தேர்வுகள் எவையும் தமிழில் இல்லை.

கணிதம் இல்லாததை விட்டுவிட வேண்டாம். மடக்கை, நிகழ்தகவு, திட்டவிலக்கம் ஆகிய மூன்றும் இல்லாமல் இன்றைய உயிரியல் கட்டுரை ஒன்றைக்கூடப் புரிந்துகொள்ள முடியாது. பத்தாம், பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகங்களில் அந்தப் பாடங்களை மட்டும் இந்தக் கோடையில் போட்டு முடியுங்கள். அடுத்த ஆண்டு ஐசர் எனும் மத்திய அரசு அறிவியல் கல்வி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வு எழுத எண்ணம் இருந்தாலும் இது உதவும். கணிதம் படிக்காதவர்களும் அதை எழுதலாம், ஆனால் 60 வினாக்களில் 15 கணிதம். சேர்ந்த பிறகு முதல் ஆண்டிலும் கணிதம் கட்டாயம்.

பணத்தைப் பொறுத்தவரை, நீங்கள் எந்தப் பட்டத்தில் சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அரசுக் கல்லூரியின் கட்டணத்தை அதுவே தாண்டிவிடும்.

கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கை முடிந்த பிறகு வேளாண்மைக் கலந்தாய்வில் இடம் கிடைக்கக்கூடும். அப்போது கட்டிய பணம் போய்விடும், சான்றிதழ் தரமாட்டார்கள் என்று பயந்து வந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி நிறுத்தி வைக்கக் கூடாது என்றும், விலகுபவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி இருக்கிறது. திரும்பும் தொகை நீங்கள் விலகும் தேதியைப் பொறுத்துக் குறையும். அதனால் கலந்தாய்வு ஆணை கையில் வந்த அன்றே விலகல் கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையுடன் நகல் வாங்கிவிடுங்கள்.