ஆடு தொலைத்த பெரியவர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

சத்தியமங்கலம் பக்கம் ஒரு ஸ்டேஷனில் ஏட்டாக இருக்கிறேன். பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் (தீமிதி) திருவிழா பந்தோபஸ்தில் இரண்டு நாள் நின்றுவிட்டு வந்த அன்று, ஆட்டைக் காணோம் என்று பெட்டிஷனோடு வந்த பெரியவரைக் கண்டபடி திட்டிவிட்டேன். கையும் ஓங்கிவிட்டேன். "சரிங்க சாமி" என்று துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தச் "சரிங்க" காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. தியானம் பழகினால் கோபம் குறையுமா? ஸ்டேஷனில் சொன்னால் சிரிப்பார்கள்.

அன்புள்ள தம்பிக்கு,

குறையும். சிரிப்பவர்களை விடுங்கள். 1994இல் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் பத்து நாள் விபாசனா தியானத்தில் உட்கார்ந்தார்கள்.

நம் பக்கத்திலேயே, பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறில் தியானம் சொல்லித்தரும் இடம் இருக்கிறது. அங்கே கற்றுத்தரும் வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை என்ற யோகப் பயிற்சியில் 'சினம் தவிர்த்தல்' தனிப் பயிற்சி. யார்மேல், எதற்காகக் கோபம் வருகிறது என்று எழுதிப் பார்க்க வேண்டும். நானும் எழுதினேன். மனைவி, மகன், தோட்டத்துக்கு வரும் ஆள், பஸ் கண்டக்டர். என்னைத் திருப்பி அதட்டக்கூடிய ஒருவர்கூட அதில் இல்லை. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீங்களும் எழுதுங்கள். அதே களைப்பில் இன்ஸ்பெக்டர் ஏதாவது சொல்லியிருந்தால் பொறுத்துத்தானே போயிருப்பீர்கள்? அடக்கும் திறமை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பெரியவர் பக்கமும் திருப்ப வேண்டும்.

கோபம் வாய்க்கு வருமுன் உடம்புக்கு வந்துவிடும். எனக்குத் தாடை இறுகும். உங்களுக்குக் காது சூடாகலாம், பேனா பிடித்த விரல் அழுந்தலாம். அது எங்கே என்று கண்டுபிடியுங்கள். பெட்டிஷனை வாங்குமுன் இரண்டு பாதமும் தரையில் பட உட்கார்ந்து, ஒரு மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். வந்தவரையும் உட்காரச் சொல்லுங்கள். கூட்டமில்லாத நாளில் பழகினால்தான் கூட்டத்தில் கைகொடுக்கும்.

தூக்கத்தையும் சொல்ல வேண்டும். காவலர்களுக்கு வார ஓய்வு தர 2021இல் அரசாணையே வந்தது. அதைக் கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். இரண்டு நாள் கண் மூடாதவனிடம் மூச்சைக் கவனி என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. ஆனாலும் அந்தக் களைப்பில் பெரியவருக்குப் பங்கில்லையே.

அவருக்கு சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, போட்டாயிற்றா? இல்லையென்றால் இந்த வாரமே எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். ஆடு கிடைத்ததா என்று கேளுங்கள்.